சிரித்தால் முகம் அழுகிறது, கால்சட்டை நனைகிறது: பிள்ளையை அடிக்காதீர்கள், சோதித்துப் பாருங்கள்

செம்பனைக்காரி, சுங்கை சிப்புட்
திங்கள், இரவு 9.40

முந்தாநாள் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒரு தாய் தன் ஏழு வயது மகனை எல்லார் முன்னிலையிலும் முதுகில் அறைந்தாள். கால்சட்டை நனைந்துவிட்டதாம். பையன் அழவும் இல்லை, சுவரோடு ஒண்டி நின்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே அறையை என் மகனுக்கு நானும் கொடுத்திருக்கிறேன்.

மகனுக்கு இப்போது 14 வயது, படிவம் இரண்டு. பிறந்த சில மாதங்களிலேயே பாட்டி ஒன்றைக் கவனித்தார். விளையாட்டுக் காட்டினால் பிள்ளை சந்தோஷமாகத்தான் சத்தமிடும். ஆனால் முகம் அழுகிற முகமாகக் கோணிக்கொள்ளும். உதட்டின் ஓரங்கள் கீழே இறங்கும், கண்கள் சுருங்கும். "சிரிக்கத் தெரியாத பிள்ளை" என்று பாட்டி சொன்னார். தீபாவளிக்குப் படம் எடுக்கப் போனால் கடைக்காரர் "ஏன் அழுகிறான், மிட்டாய் கொடுங்கள்" என்பார். அவன் அப்போது சிரித்துக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டில் அவன் சிரிக்கும் படம் என்று ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் அழுவது போன்ற படங்கள்தாம்.

ஐந்து வயதுக்கு மேலும் படுக்கை நனைந்தது. பகலிலும் உள்ளாடை ஈரமாகவே இருந்தது. ஒன்றுக்குப் போனால் முக்கி முக்கி நிற்பான், விட்டு விட்டு வரும். மலம் நான்கு நாளுக்கு ஒரு முறை. இவற்றை நாங்கள் தனித்தனி விஷயங்களாகப் பார்த்தோம். மலச்சிக்கலுக்குப் பப்பாளி கொடுத்தோம். படுக்கைக்கு முனீஸ்வரன் கோயிலில் கயிறு கட்டினோம். பகல் ஈரத்துக்கு அடி கொடுத்தோம். பள்ளியில் வகுப்புப் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சல் வந்தபோதெல்லாம் ஒரு கிளினிக்கில் சிறுநீரில் கிருமி என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் ஆறு முறை அப்படி வந்தது. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒன்பதாவது வயதில் குளிர் நடுக்கத்தோடு இடுப்பு வலி வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன. அந்த வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 300 மில்லி கொள்ளும் என்றார்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் வரும் கணக்கு அது. என் மகன் போய்விட்டு வந்த பிறகும் உள்ளே 450 மில்லி தங்கியிருந்தது. எந்நேரமும் நிறைந்து வழியும் தொட்டியிலிருந்து ஒழுகியதைத்தான் நாங்கள் சோம்பேறித்தனம் என்று அடித்திருக்கிறோம்.

ஓர் இளம் மருத்துவர் அவனோடு பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைத்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று அமைதியாகிவிட்டார். "இவன் எப்போதும் இப்படித்தான் சிரிப்பானா அம்மா?" என்று கேட்டார். ஒன்பது ஆண்டில் முதல் முறையாக ஒரு மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நோயின் பெயர் ஒச்சோவா நோய்க்குறி. சிறுநீர்-முக நோய்க்குறி என்றும் சொல்லலாம். கொலம்பியா நாட்டு மெடலின் நகரில் பெர்னார்டோ ஒச்சோவா என்ற குழந்தைகள் சிறுநீரக அறுவை மருத்துவர் 1960களிலேயே கவனித்தது இது: சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் சில பிள்ளைகள் சிரிக்கும்போது அழுவது போல் தெரிகிறார்கள். உலகம் முழுவதும் மருத்துவ ஏடுகளில் பதிவானவர்கள் ஏறக்குறைய 150 பேர்தாம். என் மகனைப் போல் பதிவாகாதவர்கள் எத்தனை பேர், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எத்தனை லயங்களில் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்?

கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிள்ளான்வாசி
திங்கள், இரவு 10.15

சகோதரி, வருத்தமாக இருக்கிறது. தவறாக நினைக்காதீர்கள், சொந்தத்தில் திருமணம் செய்தீர்களா? நம் ஆட்கள் இன்னும் மாமன், அத்தை என்று உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். படித்தவர்கள் எத்தனை தடவை சொல்வது?

தாதி, தைப்பிங்
திங்கள், இரவு 10.52

குழந்தைகள் வார்டில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்த நோயை நேரில் பார்த்ததில்லை, ஆனால் இதே வழியில் சிறுநீரகம் கெட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பயந்துவிடாமல் இருக்க முதலில் ஒன்று சொல்கிறேன். ஐந்து வயதில் 100 பிள்ளைகளில் 15 பேர் போல இரவில் படுக்கையை நனைப்பார்கள். ஆண்டுதோறும் அவர்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்குத் தானாகவே நின்றுவிடும். இரவில் மட்டும் நனைத்து, பகலில் நன்றாக ஓடியாடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

பகலிலும் ஈரம், முக்குதல், விட்டு விட்டு வருதல், திரும்பத் திரும்பக் காய்ச்சலோடு கிருமி, கூடவே மலச்சிக்கல் என்று சேர்ந்து வந்தால் காத்திருக்கக்கூடாது. சிரிக்கும் முகமும் கோணினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். சிறுநீர்ப்பை சுருங்கும்போது வாசலில் இருக்கும் தசை திறக்க வேண்டும். இவர்களுக்குப் பை சுருங்கும், வாசல் இறுகியே நிற்கும். பையின் சுவர் தடித்து, உள்ளே அழுத்தம் ஏறும். அது 40 செண்டிமீட்டர் நீர் உயரத்தைத் தாண்டி நீடித்தால் மேலே சிறுநீரகங்களுக்கு ஆபத்து. பலருக்குச் சிறுநீர் மேல்நோக்கியே திரும்பிப் போகும். வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இது நடக்கும் என்பதுதான் என்னை அச்சப்படுத்துகிறது.

செம்பனைக்காரி அக்கா, ஒன்று கேட்க வேண்டும். மகன் தூங்கும்போது கண் முழுதாக மூடுகிறதா?

செம்பனைக்காரி
திங்கள், இரவு 11.30

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூடவில்லை. அரைக்கண் திறந்திருக்கிறது, வெள்ளை தெரிகிறது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். பாட்டி அதற்கும் ஏதோ காரணம் சொல்வார். காலையில் கண் சிவந்து எழுவதைக் கைப்பேசி பார்ப்பதால் வந்தது என்று திட்டிக்கொண்டிருக்கிறேன்.

தாதி, தைப்பிங்
திங்கள், இரவு 11.41

திட்டாதீர்கள் அக்கா. இந்த நோயில் அதுவும் வரும். இமை முழுதாக மூடாததால் கருவிழி காய்ந்துபோகும். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் போட மசகு களிம்பு கொடுப்பார்கள். அடுத்த முறை சிறுநீரகப் பிரிவுக்குப் போகும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

செம்பனைக்காரி
செவ்வாய், காலை 6.05

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் கிள்ளான்வாசிக்குப் பதில் எழுதிவிடுகிறேன்.

ஆமாம். என் கணவர் என் தாய்மாமன். என் மாமியார் என் அம்மாவைப் பெற்ற பாட்டி. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டமே இந்து வழக்கப்படி தாய்மாமனை மணப்பதை அனுமதிக்கிறது. மருத்துவர் ஒரு தாளில் எங்கள் குடும்ப மரத்தை வரைந்து காட்டினார். பாட்டியிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்த ஒரே பழுதுள்ள மரபணு, ஒரு கிளையில் நேராக என் கணவருக்கு, மறு கிளையில் என் அம்மா வழியாக எனக்கு. இரண்டு கிளைகளும் என் மகனிடம் வந்து சேர்ந்தன. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஐயா, ஏன் உள்ளுக்குள்ளேயே கட்டினோம் என்று எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கங்காணியோடு ஒரே ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன். பால்மரக் காட்டுக்குள் ஒரு லயம், அதற்கு அப்பால் தெரிந்த முகம் கிடையாது. முன்பின் தெரியாத தோட்டத்துக்குப் பெண்ணை அனுப்பி அவள் அடிபட்டுச் செத்தாலும் கேட்க ஆள் இல்லாத காலம். பேத்தியைத் தன் மகனுக்கே கொடுத்தால் பெண் கண்முன்னால் இருப்பாள் என்று பாட்டி நினைத்ததை நான் குற்றமாகப் பார்க்க மாட்டேன். அப்படிச் செய்தால் என்ன ஆகலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் எழுதுகிறேன்.

மரபியல் மாணவி, செர்டாங்
செவ்வாய், பிற்பகல் 1.20

அக்கா சொன்னது சரியான விளக்கம். எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன். 2010இல் 10ஆம் குரோமோசோமில் உள்ள எச்பிஎஸ்இ2 என்ற மரபணுவில் இந்த நோய்க்கான பழுதைக் கண்டார்கள். 2013இல் எல்ஆர்ஐஜி2 என்ற இன்னொரு மரபணுவிலும் கண்டார்கள். இரண்டிலும் பழுது காணப்படாத குடும்பங்களும் உண்டு. சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகள் சரியாக அமையாததே கோளாறு என்று இப்போது கருதப்படுகிறது.

பெற்றோர் இருவரும் ஒரே மரபணுவின் ஒரு பழுதுப் பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சுமப்பவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. சொந்தமில்லாத இருவர் மணந்தாலும் 100 பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அதற்கு மேல் இன்னும் இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் மணத்தில் இன்னும் கூடுதல். அதாவது சொந்தத்தில் மணந்த பெரும்பாலோரின் பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள். அதனால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒச்சோவா பார்த்த குடும்பங்களும் அந்தியோக்கியா என்ற மலை மாநிலத்தவர்கள். காப்பி விளையும் பகுதி அது. மலைக்குள் சில குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் மணந்துகொண்ட இடம். அவர்கள் தமிழர்கள் இல்லை, கிள்ளான்வாசி ஐயா.

கிள்ளான்வாசி
செவ்வாய், பிற்பகல் 3.02

சகோதரி, என் சொற்களுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். தாள், கிளைகள் என்று நீங்கள் எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் என் அத்தை மகள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பீடோர்
செவ்வாய், இரவு 8.30

தமிழ்ப்பள்ளிகளில் 31 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். இதை எழுத நேற்றிலிருந்து தயங்கினேன்.

1990களில் என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அடிக்கடி கழிவறைக்குக் கேட்பாள். ஒரு பாட நேரத்தில் ஒரு முறைதான் போகலாம் என்று விதி வைத்திருந்தேன். ஒரு நாள் அவள் உட்கார்ந்த இடத்திலேயே ஈரமாகிவிட்டது. வகுப்பே சிரித்தது. அவளையே துடைக்கச் சொன்னேன். மறுவாரம் பள்ளிக்கு வரவில்லை, பிறகு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இந்த நோயாக இருக்க வேண்டியதில்லை. எந்த நோயாக இருந்தாலும் அந்தத் துணியை அவள் கையில் கொடுத்தவன் நான்தான்.

இன்று பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிக்கடி கழிவறைக்குக் கேட்கும் பிள்ளையின் பெயரைக் குறித்து வைத்துப் பெற்றோரிடம் சொல்லுங்கள். தண்டனைப் புத்தகத்தில் எழுதாதீர்கள்.

நெகிரிமாமி
செவ்வாய், இரவு 9.10

எள்ளுருண்டை கொடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் அதில்தான் நின்றது. மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்காமலும் வைத்தேன்.

தாதி, தைப்பிங்
செவ்வாய், இரவு 9.34

மாமி, எள்ளுருண்டை உடம்புக்கு நல்லதுதான், கொடுங்கள். ஆனால் இறுகி நிற்கும் வாசலை அது திறக்காது. நாங்கள் பேசும் பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் தேங்கிக் கிருமி பெருகும், மலமும் இறுகும். இறுகிய மலம் பையை அழுத்தி நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

லயத்துப் பையன், பாயான் லெப்பாஸ்
புதன், இரவு 12.15

எனக்கு இந்த நோய் இல்லை. பிறவியில் முதுகுத்தண்டு மூடாமல் பிறந்தேன். ஆனால் சிறுநீர் பிரச்சினை ஒன்றுதான், வைத்தியமும் ஒன்றுதான். 11 வயதிலிருந்து நானே டியூப் போட்டுச் சிறுநீரை எடுக்கிறேன். இப்போது 26 வயது, தொழிற்சாலையில் இரவு ஷிப்டு வேலை. இடைவேளையில் எழுதுகிறேன்.

அம்மாமார்கள் டியூப் என்றதும் பதறுகிறார்கள். என் அம்மா முதல் நாள் மயங்கி விழுந்தார். மெல்லிய குழாய், நுனியில் வழவழப்புக் களிம்பு, மெதுவாக உள்ளே போகும், பை காலியானதும் எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. 1972இல் அமெரிக்காவில் ஜாக் லாபிடெஸ் என்ற மருத்துவர் இதற்கு அறுவை அறை போன்ற கிருமியற்ற நிலை தேவையில்லை, சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும் என்று காட்டினார். நேரத்துக்குக் காலி செய்வதுதான் முக்கியம் என்பது அவர் கண்டது. தோட்டத்துப் பிள்ளையான என்னால் பள்ளிக்கூடத்துக்குப் போக முடிந்தது அதனால்தான்.

எனக்குக் கஷ்டம் கொடுத்தது டியூப் இல்லை. கழிவறைதான். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பையை மாட்டக் கொக்கி கிடையாது. குழாயில் தண்ணீர் வராத நாள்களில் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோவேன். தரை எப்போதும் ஈரம், டியூப் உறையை எங்கே வைப்பது? பற்களில் கடித்துக்கொண்டு ஒரு காலால் கதவை அழுத்தியபடி எடுப்பேன். ஒரு நாள் ஒருவன் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டான். அந்த ஆண்டு முழுவதும் நான் பள்ளியில் தண்ணீரே குடிக்கவில்லை. அதில்தான் முதல் தடவை கிருமி ஏறி இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தேன்.

16 வயதில் அறுவை செய்து குடல்வாலைச் சிறுநீர்ப்பைக்கும் தொப்புளுக்கும் நடுவே வழியாக வைத்தார்கள். மித்ரோபனாஃப் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1980இல் வெளியிட்ட முறை. இப்போது தொப்புள் வழியாக எடுக்கிறேன், கால்சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. எல்லாருக்கும் தேவைப்படாது, மருத்துவர்தான் முடிவு செய்வார்.

அக்கா, உங்கள் மகன் பள்ளியில் எங்கே எடுக்கிறான்?

செம்பனைக்காரி
புதன், இரவு 7.50

தம்பி, நீ எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். என் மகனும் வந்து தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். "போத்தல் விஷயம் எனக்கும் அப்படித்தான்" என்றான். ஐந்து ஆண்டில் அதை என்னிடம் சொன்னதே இல்லை.

இடைநிலைப்பள்ளியில் ஆசிரியர்களின் கழிவறைச் சாவியில் ஒன்றை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு நான் மூன்று முறை மருத்துவக் கடிதத்தோடு போய் நின்றேன். தொடக்கப்பள்ளியில் இருந்தவரை மதியம் நானே போய் எடுத்துவிட்டு வருவேன். அதற்காகக் காலை வேலையிலிருந்து பாதி நாள் கூலியை இழந்தேன்.

அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஒரு நாளில் ஆறு முறை டியூப். பையைத் தளர்த்த ஆக்சிபியூட்டினின் மாத்திரை. அதனால் வாய் காய்கிறது, மலச்சிக்கலும் கூடுகிறது, அதற்கு வேறு மருந்து. இரவில் கிருமி தடுக்கும் மாத்திரை. வீக்கம் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இடது சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிட்டது, அது இனி ஆறாது. இரண்டு ஆண்டு முன்னால் வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்று நிபுணர் சொன்னார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அந்த வாக்கியம் மறப்பதில்லை.

இளையவளுக்கு நோய் இல்லை. அவள் பழுதைச் சுமப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பாட்டிக்கு இப்போது 83 வயது. போன பொங்கலுக்கு என் தம்பி மகனைக் காட்டி, "இவளுக்கு அவன்தான்" என்றார் ஒரு சொந்தக்காரர். பாட்டி கைத்தடியைத் தரையில் தட்டி, "வெளியே பாருங்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

குளுவாங் அப்பா
வியாழன், காலை 5.30

மூன்று நாளாக ஒன்றும் எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு ஆறு வயது. நேற்று இரவு அவளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிச் சிரிக்க வைத்துப் பார்த்தேன். மனைவி பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெம்பர்ஸ் இல்லாமல் அவள் தூங்கியதே இல்லை. சொந்தத்தில்தான் திருமணம்.

மருத்துவமனையில் என்ன சொல்வது? இந்தப் பெயரை நான் சொன்னால் சிரிப்பார்களா?

செம்பனைக்காரி
வியாழன், காலை 5.52

சிரித்தால் சிரிக்கட்டும் அண்ணா, நீங்கள் சொல்லுங்கள்.

இன்றும் நாளையும் ஒரு பள்ளி நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனாள், எவ்வளவு, எப்போது நனைந்தது, மலம் எப்போது. அளக்க ஒரு பிளாஸ்டிக் குவளை போதும். இதுவரை வந்த காய்ச்சல், கிருமி எல்லாவற்றையும் தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அவள் சிரிப்பதைக் கைப்பேசியில் வீடியோ எடுங்கள், ஏனென்றால் மருத்துவர் முன்னால் பிள்ளைகள் சிரிப்பதில்லை. தூங்கும்போது கண்ணையும் எடுங்கள். சிறுநீர் கழித்த பிறகு உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள். நிபுணர் கிளினிக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

இன்று இரவு அவள் நனைத்தால் ஒன்றும் சொல்லாதீர்கள்.

குளுவாங் அப்பா
அடுத்த வியாழன், இரவு 8.15

180 மில்லி தங்கியிருக்கிறது. வலது பக்கம் சிறிய வீக்கம். தழும்பு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். வீடியோவை இரண்டு மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அடுத்த மாதம் சிறுநீர்ப்பையின் அழுத்தப் பரிசோதனை. இரத்தம் எடுத்திருக்கிறார்கள், என்னுடையதும் மனைவியுடையதும் சேர்த்து.

மகள் பஸ்ஸில் என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். கண் பாதி திறந்திருந்தது. உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தேன்.

தாதி, தைப்பிங்
அடுத்த வியாழன், இரவு 8.40

பரிசோதனை அன்று அவளுக்குப் பிடித்த பொம்மையை எடுத்துப்போங்கள். அம்மா உள்ளே இருக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.